மங்கைக்குத் தராத பாடம்

என் நைனா, அதாவது அப்பா, எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி, கதவுத் தாழ்ப்பாள், சந்தையில் விலை பேசும் மாட்டின் முதுகு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றி, எதுவாக இருந்தாலும் வலது கையின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. அதன் பிறகுதான் உள்ளங்கை வரும். வெகு காலம் அதை அவருடைய கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொழில் தந்த பழக்கம் என்று பிறகு தெரிந்தது. கரண்ட் பாயும் இரும்பை உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாமாக மடங்கி அதையே இறுகப் பிடித்துக்கொள்ளும். புறங்கையால் தொட்டால் கை உதறி விலகிவிடும்.

அவ்வளவு எச்சரிக்கையான மனிதர்தான் கடைசி நான்கைந்து வருடங்களைத் தலை நிமிராமல் கழித்தார்.

செபாஸ்தியான் அவர் பெயர். பனமலைப் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. எண்ணெய் என்ஜின்களோடு பழகி, அவற்றின் இருமலை வைத்தே நோயைச் சொல்லும் அளவுக்குத் தேறினார். செஞ்சிக்குக் கரண்ட் வந்ததும் அவலூர்பேட்டை சாலையில் சம்பவநாதன் நயினார் சந்திரப்பிரபா அரிசி மில்லைத் தொடங்கினார். நைனா அங்கே டிரைவர் ஆனார். மில் டிரைவருக்கு வண்டி கிடையாது. மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும், அறுந்த பெல்ட்டைத் தைத்து மாட்டுவதும், அரிசி நொறுங்காமல் அரவையைச் சரிபார்ப்பதும் அவர் வேலை. மோட்டார் அறைக்குள் அவர் சொன்னதுதான் சட்டம். முதலாளிகூட வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அந்த அறையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே கண்ணாடி போட்ட படம் ஒன்று தொங்கியது. கரண்ட் வாங்குகிற ஆலைகளில் அதை மாட்டியே ஆக வேண்டும் என்று யாரோ சொல்லி மாட்டியது. ஒருவன் குப்புறப் படுத்திருப்பான். இன்னொருவன் அவன் மேல் மண்டியிட்டு, முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றியிருப்பான். சுற்றிலும் பொடி எழுத்துகள்.

ஆயுத பூசைக்கு மோட்டாரைத் துடைத்து, ஸ்பேனர்களைக் கழுவி அடுக்கி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். நயினார் சமணர்; எங்கள் பக்கத்தில் சமணர்களை நயினார் என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் ஆட்களுக்காகப் பொரியும் கடலையும் வாங்கித் தருவார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற என் நைனாதான் பொட்டு வைக்கிறவர். அறை அவருடையது அல்லவா. கண்ணாடிப் படத்தையும் அவர் விடுவதில்லை. நான்கு மூலையிலும் நடுவிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போடுவார். மறு வருடம் காய்ந்த சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் ஏறும்.

அரவையில் உதவிக்கு இருந்த விநாயகம் ஒரு பூசையன்று அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"இன்னா டிரைவரே, ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறி உக்காந்துனு இருக்கான்?"

"தீவாளிக்கு எண்ண தேய்ச்சி உடறான். வேற இன்னா?" என்றார் நைனா.

"அப்ப வர்ற தீவாளிக்கு உனக்கு நான் தேய்க்கட்டா?"

"உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னத் தேய்ச்சிடுவா. போடா."

விநாயகத்தின் மனைவி மங்கை களத்தில் நெல் காய வைப்பவள். அவளும் வாசலில் நின்று சிரித்தாள்.

அறுபத்து நான்காம் வருடம் ஐப்பசி மழையில் மோட்டார் அறைக் கூரை ஒழுகியது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று விநாயகம் ஸ்டார்ட்டர் பெட்டியை உள்ளங்கையால் பிடித்தான். நைனா வெளியே பெல்ட் தைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்தவர் மெயினை இறக்கிய பிறகுதான் விநாயகத்தின் கை பெட்டியை விட்டது. கீழே சாய்ந்தவனுக்கு மூச்சு இல்லை. உடம்பில் சூடு இருந்தது.

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். நைனாவுக்குத் தெரிந்தது எர்த் கம்பி. எந்த மோட்டாருக்கும் ஒரு கம்பியை மண்ணில் இறக்கிவிடுவார்கள். குழியில் கரியும் உப்பும் போட்டு, காய்ந்துபோகாமல் தண்ணீர் ஊற்றி வருவார்கள். பெட்டியில் கசியும் கரண்டை பூமி இழுத்துக்கொள்ளும். மனித உடம்பில் ஏறிய கரண்டுக்கும் அதுதான் வழி என்று அவர் நினைத்தார். கரண்ட் அடித்தவனை மண்ணில் புதைக்க வேண்டும் என்று ஊரில் முன்பே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சும் அவர் தொழிலறிவும் சேர்ந்துகொண்டன.

களத்தின் ஓரத்தில் கட்டட வேலைக்கென்று கொட்டியிருந்த ஆற்று மணலில் பள்ளம் பறித்து விநாயகத்தைக் கழுத்துவரை புதைத்தார்கள். நெஞ்சின் மேல் மணலைப் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். நைனா உப்பு கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் ஊற்றச் சொன்னார். நெல் ஊறும் தொட்டியிலிருந்து குடம் குடமாக மொண்டு வந்து ஊற்றியவள் மங்கை. "இன்னம் ஊத்தும்மா, இழுத்துக்கும்" என்று நைனா சொல்லச் சொல்ல ஊற்றினாள். டாக்டரை அழைத்து வந்தபோது ஆக வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

மங்கை நைனாவின் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "கடசி வரைக்கும் அண்ணன் அவர உடல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சில நாள் கழித்து விசாரணைக்கு எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நான் அப்போது பள்ளிக்கூடக் கடைசி வருடம். நைனாவுக்குச் சோறு கொண்டுபோனவள் மோட்டார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் மோட்டார் அறைச் சுவரையே பார்த்தார்.

"இதுக்கு மாலை போட்டது யாருய்யா?"

"நான்தாங்க."

"படிக்கத் தெரியுமா?"

"தமிழ் தெரியுங்க."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைக் குழாயில் நனைத்து, கண்ணாடியில் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைத்தார். சாமான்யத்தில் போகவில்லை. நகத்தால் சுரண்டினார். இங்கிலீஷுக்குக் கீழே தமிழ் தெரிந்தது.

"படி."

நைனா எழுத்துக் கூட்டிப் படித்தார். "மூச்சு நின்றிருந்தாலும் இறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒரு கணமும் வீணாக்காமல்..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"மேல படிய்யா."

நைனா படத்திலிருந்த மாலையைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று கொண்டுபோன சோற்றை நான் அப்படியே திருப்பி எடுத்துவந்தேன்.

அடுத்த வருடம் அம்மாவின் கழுத்துக் கட்டிக்காக நாங்கள் மூவரும் வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தது. அந்த வார்டின் நர்ஸ் மரியசெல்வி எங்கள் பக்கத்துப் பெண். ஒருநாள் நைனா அவளிடம் போய், அந்தப் படத்தில் இருந்ததைச் சொல்லி, முதுகில் சரியாக எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று கேட்டார்.

"அது பழைய முறைண்ணே. இப்ப முதுகு இல்ல, நெஞ்சு. வாங்க காட்றேன்."

கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்துத் தரையில் போட்டாள். "ஆளக் கட்டில்ல வெச்சி அழுத்தினா கட்டில்தான் அமுங்கும். கட்டாந்தரைல மல்லாத்திப் போடணும்" என்றாள்.

முதலில் கரண்டை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் ஆளைத் தள்ளிவிட வேண்டும். பிடித்து இழுக்கப் போனால் இழுப்பவனும் போவான். பிறகு கூப்பிட்டு, உலுக்கிப் பார்க்க வேண்டும். அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் ஒருவனை டாக்டரிடம் ஓடச் சொல்லிவிட்டு உடனே தொடங்க வேண்டும். நெற்றியைப் பின்னே தள்ளி மோவாயைத் தூக்கினால் தொண்டை திறக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து, அவன் நெஞ்சு எழும்பும்வரை ஊத வேண்டும். மார் எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பின் கனத்தால் அழுத்த வேண்டும். எலும்பு ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். நொடிக்கு ஒன்றுக்குக் குறையக் கூடாது. தனி ஆளாக இருந்தால் பதினைந்து அழுத்து, இரண்டு ஊதல். மூச்சு வரும்வரை, அல்லது டாக்டர் வந்து போதும் என்று சொல்லும்வரை, நிறுத்தவே கூடாது.

"நாம அழுத்தறப்போ அவரு நெஞ்சு செய்யற வேலைய நம்ம கை செய்யுது. ரத்தம் மூளைக்குப் போவும். மூளைக்குப் போறது நாலஞ்சு நிமிஷம் நின்னுச்சின்னா அப்புறம் யாரு வந்தும் புண்ணியமில்ல" என்றாள் மரியசெல்வி.

நைனா தலையணையை அழுத்திக்கொண்டே கேட்டார். "மண்ணுல பொதைச்சா?"

"பொதைச்சா நெஞ்சு எப்பிடிண்ணே எழும்பும்? லேசா மூச்சு இருந்தாக்கூட நின்னுடுமே."

"இது மாதிரி பண்ணியிருந்தா ஒருத்தன் பொழைச்சிருப்பானா?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "எல்லாரும் பொழைக்க மாட்டாங்கண்ணே. பண்ணாம உட்டா ஒருத்தரும் பொழைக்க மாட்டாங்க."

அங்கே இருந்த நாளெல்லாம் நைனா அவளைத் தேடிப் போய்ப் பழகிக்கொண்டார். கூடவே நானும் கற்றுக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தார்.

ஊருக்கு வந்ததும் மில் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று முதலாளியிடம் அனுமதி கேட்டார். மங்கை மேல்மலையனூருக்குப் போயிருந்த ஓர் அமாவாசை நாளை அதற்குப் பொறுக்கிக்கொண்டார். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. தவிட்டு மூட்டை ஒன்றைக் களத்தில் கிடத்தி, கரியால் மார்க்கூடு வரைந்து, அழுத்திக் காட்டினார். வாயோடு வாய் என்றதும் சிரிப்பு கிளம்பியது.

"எச்சி வாய்ல நான் வெக்க மாட்டம்ப்பா. வேணும்னா அமுக்கிட்டுப் போறேன்" என்றான் ஒருவன்.

"உன் வாயி வெத்தலபாக்கு நாத்தத்துல செத்தவன் எழுந்து ஓடிடுவான். அதுவே வைத்தியம்."

நயினார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வடிகட்டாத தண்ணீரை வாயில் வைக்காதவர் அவர். மில் குழாயிலும் வெள்ளை மல்துணி ஒன்றை மடித்துக் கட்டியிருப்பார். உள்ளே போய்ப் புதுத் துணி ஒன்றை எடுத்துவந்து மூட்டையின் மேல் போட்டார். "இத்த வாய் மேல விரிச்சி ஊதுங்க. காத்து போவும், எச்சி படாது. துணி ஆணில தொங்கட்டும்" என்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகு நைனா பாடத்தை முறையாக முதலிலிருந்து தொடங்கினார். முதல் வாக்கியம் இதுதான்: "மூச்சு நின்னவனுக்குத்தான் இது. நின்னுடுச்சின்னு உட்டுடக் கூடாது."

சொல்லி முடிக்கும் முன்பே களத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அங்கே இருந்தவர்கள்தான் அன்று மணல் பறித்தவர்கள், மிதித்துக் கெட்டிப்படுத்தியவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் வரிசையாக வந்து மூட்டையை அழுத்தினார்கள். பெண்களும் அழுத்தினார்கள். பிறகு கலைந்தார்கள். மங்கையிடம் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்படிச் செய்யச் சொல்லி நைனா கேட்கவுமில்லை.

அறுபத்தேழில் தொண்டூரில் முதலாளியின் தம்பி அஜிததாஸின் பம்புசெட்டைப் பார்க்க நைனா போயிருந்தார். அவர் அங்கே இருக்கும்போதே பக்கத்துக் கொட்டகையில் அது நடந்தது. ஈரக் கையோடு சுவிட்சைப் போட்ட அஜிததாஸ் தூக்கி எறியப்பட்டார். மூச்சு இல்லை. கழுத்தில் நாடி கிடைக்கவில்லை. வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள்.

"மண்ணத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்" என்று நைனா கத்தினாராம். சிமெண்டுத் தரையில் மல்லாத்தி, துணியெல்லாம் தேடாமல், வாயோடு வாய் வைத்து ஊதினார். அழுத்தினார். கை ஓய்ந்தபோதும் நிறுத்தவில்லை. அஜிததாஸ் ஒரு விக்கலோடு மூச்சை இழுத்தார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாளில் அவர் தம் காலாலேயே நடந்து மில்லுக்கு வந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் கொண்டாடியது. "நயினாருக்கு முத்தம் குடுத்த டிரைவரு" என்று டீக்கடையில் கேலியும் பேசியது. கல்லூரி விடுமுறைக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. நைனா மட்டும் காய்ச்சல் கண்டவர் போல இருந்தார். ஏன் என்று மறுநாள் தெரிந்தது. மங்கை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அந்த நயினாருக்கும் கரண்ட் தானே அடிச்சிது?"

"ஆமாம்மா."

"எங்க வூட்டுக்காரருக்கும் அதான அடிச்சிது."

நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடியும் எடுத்தார். "அவருக்கு மூச்சி இருந்திச்சி மங்க. அதான் வந்திச்சி. விநாயகத்துக்கு அங்கியே நின்னுபோச்சி. நின்னு போனா யாராலயும் ஒண்ணும் முடியாது."

மங்கை தலையாட்டினாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "நீங்க சொன்னா செரிதாண்ணே" என்றாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நைனா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் போன பிறகும் அவர் அந்த இடத்திலேயே நின்றார். என்னைப் பார்த்து, "தண்ணி ஊத்துனது அந்தப் பொண்ணு கை. அதுக்கு எப்பிடிச் சொல்வேன்?" என்றார். அவளைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவருக்கே பதில் தெரிந்திருக்குமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அந்தப் பொய்க்குப் பிறகு மங்கைக்கு மட்டும் அவரால் சொல்லித்தர முடியாமல் போனது. தொண்டூர்ச் சேதிக்குப் பிறகு கற்றுக்கொள்ள முதலில் வந்தவள் அவள்தான். இதற்குள் அவள் தம்பி கலியபெருமாள் விநாயகத்தின் இடத்துக்கு வேலைக்கு வந்திருந்தான். அதே ஸ்டார்ட்டர், அதே தரை.

"எனக்கும் காட்டிக் குடுண்ணே. தம்பி உள்ள இருக்கற வரைக்கும் எனக்கு வெளிய வேல ஓட மாட்டேங்குது."

"அறுவட முடியட்டும்மா."

அறுவடை முடிந்தது. "கை வலிக்குது, அடுத்த மாசம்" என்றார். இன்னொரு முறை, உனக்கு உடம்பில் தெம்பு பத்தாது என்றார். அவளைவிட ஒல்லியான பெண்கள் இரண்டு பேர் கற்றிருந்தார்கள். மற்றப் பெண்களிடம் கேட்டால், டிரைவரையே கேள் என்று நழுவினார்கள்.

"எனக்கு மட்டும் இன்னா குறைன்னு சொல்லேன்" என்று ஒருநாள் அவள் களத்தில் வைத்தே கேட்டாள். நெல் துழாவிக்கொண்டிருந்தவர்களெல்லாம் குனிந்து துழாவினார்கள். நைனா மோட்டார் அறைக்குள் போய்விட்டார்.

ஆனால் விநாயகத்தின் திதி வந்தால் அவள் இலையில் வடையும் பாயசமும் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நைனா அவள் முன்னால் உட்கார்ந்து ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். அந்த நாட்களில் இரவுச் சோறு வேண்டாம் என்றுவிடுவார்.

நான் பி.ஏ. முடித்து வந்த வருடம் நைனாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. முற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. படுக்கையில் கிடந்தபோது ஒரு பிற்பகல், "மங்கைய வரச் சொல்லு" என்றார். அவள் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டே வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினாள். நான் அறையை விட்டு வெளியே வந்து காத்திருந்தேன். உள்ளே கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் வெளியே வந்ததும், "நைனா இன்னா சொன்னாரு அத்த?" என்று கேட்டேன்.

"உப்பு பத்தலன்னாரு" என்றாள்.

அந்த வாரமே அவர் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மங்கை பாத்திரம் கழுவ நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பாப்பா, உனக்கும் அது தெரியும்னு சொன்னாங்க. உங்க நைனா எல்லாருக்கும் குடுத்தாரு. எனக்குத் தர வேண்டியது அப்பிடியே நிக்குது. நீயாச்சும் ஒரு நாளைக்கி காட்டிடு."

எனக்கு அந்த முறை முழுவதும் தெரியும். மார்க்கூட்டில் கை வைக்கிற இடம் தெரியும், எவ்வளவு ஆழம் என்று தெரியும். ஆனால் யாருக்கு இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் எப்படிச் செய்ய வேண்டும் என்று தொடங்க முடியாது. அதைச் சொன்னால் நைனா சொன்னது பொய்யாகும். அவள் ஊற்றிய குடங்கள் என்ன செய்தன என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், மோட்டார் அறையில் அவள் தம்பி விழுகிற நாளில் அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். அந்த ஞாயிறு போய்விட்டது. கலியபெருமாள் காலையில் மோட்டாரைப் போடுகிறான். சத்தம் எங்கள் வீடுவரை கேட்கிறது. களத்தில் மங்கை நெல்லைத் துழாவிக்கொண்டிருக்கிறாள். நைனா அவளுக்குத் தர வேண்டியிருந்தது இன்னும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.